வெயில் காலத்தில் பிரா அணியாமல் அலுவலகம் செல்லலாமா?

நித்யா, மதுரை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது. ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோது பிரா அணிவதை ஏறத்தாழ முழுவதுமாக விட்டுவிட்டேன். ஆண்டுதோறும் சித்திரை வந்தாலே மார்புக்குக் கீழே படரும் வேர்க்குருவும், தோளில் பட்டை அழுத்திய தழும்பும் அந்தக் காலத்தில் எட்டிப் பார்க்கவே இல்லை. இப்போது மீண்டும் நாள்தோறும் அலுவலகம் செல்ல வேண்டியிருக்கிறது. மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர் குடிப்பதற்கு முன்பே அதைக் கழற்றி எறியும் நிலைக்கு வந்துவிட்டேன்.

அணியாமல் விட்டால் மார்பு தொங்கிவிடும் என்று அம்மா கவலைப்படுகிறார். எனக்கோ, மின்விசிறிக்குக் கீழே நின்று பேசும்போது எதிரில் இருப்பவரின் பார்வை எங்கே போகும் என்ற கூச்சம்தான் பெரிதாக இருக்கிறது. பெரும்பாலும் சுடிதாரும், வாரத்தில் ஒரு நாள் பருத்திச் சேலையும் உடுத்துவேன். கல்லூரிக் காலத்திலிருந்து 36பி அளவையே வாங்கி வருகிறேன். உடலுக்குத் தீங்கில்லாமலும் பார்ப்பதற்கு நேர்த்தியாகவும் இருக்கும் வழி உண்டா?

மலர்விழி, இயன்முறை மருத்துவர், கோவை:

தோழி, முதலில் அம்மாவின் கவலைக்குப் பதில் சொல்கிறேன். மார்பகத்துக்குள் அதைத் தூக்கிப் பிடிக்கும் தசை எதுவும் இல்லை. தோலும், ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1840இல் விவரித்த மெல்லிய இணைப்பு இழைகளும்தான் அதைத் தாங்குகின்றன. வயது, எத்தனை முறை கருவுற்றோம் என்பது, உடல் எடையில் ஏற்படும் பெரிய மாற்றங்கள், புகைப்பழக்கம் ஆகியவை இவற்றைத் தளர்த்துகின்றன. வீட்டிலும் அலுவலகத்திலும் பிரா இல்லாமல் இருப்பதால் மார்பு தொங்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. மாறாக, அணியாமல் இருந்தால் மார்பு தானாக நிமிரும் என்று 2013இல் பிரான்சிலிருந்து ஒரு செய்தி பரவியது. ஆனால் அது ஏறத்தாழ 330 இளம்பெண்களை மட்டுமே கவனித்த ஆய்வு. அதை எல்லாப் பெண்களுக்கும் பொருத்தக் கூடாது என்று அந்த ஆய்வாளரே எச்சரித்தார்.

பிரா புற்றுநோயை உண்டாக்கும் என்ற வதந்தியையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மாதவிடாய் நின்ற ஏறத்தாழ 1,500 பெண்களிடம் விசாரித்து 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அப்படி ஒரு தொடர்பைக் காணவில்லை.

ஆனால் ஓடும்போதும் கயிறு தாண்டும்போதும் மார்பகம் மேலும் கீழும் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் அசைவதால், அப்போது விளையாட்டு பிரா அவசியம். மார்பகம் கனமாக இருந்து கழுத்தும் முதுகும் வலிக்கும் பெண்களுக்குச் சரியான அளவுள்ள பிரா நல்ல துணையாகவே இருக்கும்.

உங்கள் அளவின் மீது எனக்கு ஐயம் இருக்கிறது. தோளில் தழும்பு விழுகிறதென்றால், எடையைத் தாங்க வேண்டிய அடிப்பட்டை தளர்ந்து, முழுச் சுமையும் தோள்பட்டைகளுக்குப் போகிறது என்று பொருள். மார்புக்குக் கீழே ஒரு முறையும், மார்பின் எடுப்பான பகுதியில் ஒரு முறையும் அங்குல நாடாவால் அளந்து பாருங்கள். வேர்க்குரு புண்ணாகியோ அரிப்புள்ள படையாகியோ இருந்தால், பவுடர் பூசிக்கொண்டே நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஜெயந்தி, தையற்கலைஞர், திருச்சி:

கூச்சத்துக்குத் துணியில் தீர்வு இருக்கிறது, நித்யா. மெல்லிய மல் துணியும், உடலோடு ஒட்டும் ஜார்ஜெட்டும் பிரா இல்லாமல் அணிய ஏற்றவை அல்ல. மின்விசிறிக் காற்றில் அவை உடலின் வடிவத்தை அப்படியே காட்டிவிடும். சற்றுக் கனமான கைத்தறிப் பருத்தியில், தோளிலிருந்து சுருக்கம் வைத்து இறங்கும் மேல்சட்டை தைத்துக்கொள்ளுங்கள். சுருக்கம் மார்பின் மீது விழுவதால் துணி அங்கே ஒட்டாது. வெற்று வெளிர்நிறத்தை விட நெருக்கமான புள்ளியும் பூவும் கொண்ட துணி நன்றாக மறைக்கும். உங்கள் ஊர்ச் சுங்குடிப் புள்ளிகளை விட இதற்குப் பொருத்தமானது வேறென்ன இருக்கிறது! மார்புப் பகுதிக்கு மட்டும் உள்ளே மெல்லிய பருத்தி லைனிங்கை இரட்டையாக வைக்கச் சொல்லுங்கள். முழுச் சட்டைக்கும் இரட்டை லைனிங் வைத்தால் வியர்த்து, பிராவே தேவலாம் என்று தோன்றிவிடும்.

சேலைக்கு வழி இன்னும் எளிது. டூ பை டூ துணியில் பிரின்சஸ் கட் ரவிக்கையைப் பருத்தி லைனிங்குடன் அளவாகத் தைத்தால், அதுவே மார்பைத் தாங்கும். கப் வைத்த ரவிக்கையைத் திருமணத்துக்கோ விழாவுக்கோ வைத்துக்கொள்ளலாம். அந்தப் பஞ்சு வியர்வையை உறிஞ்சிக்கொண்டு எளிதில் காயாது என்பதால், நாள் முழுவதும் அணிய நான் யாருக்கும் தைத்துத் தருவதில்லை. சுடிதாருக்குள் பருத்திச் சிம்மீஸ் போட்டுக்கொள்வது இன்றைக்கும் நல்ல பழக்கம்தான்.

தங்கம், நாகர்கோவில்:

எனக்கு வயது 67. அம்மாவின் கவலையைத் தள்ளிவிடாதே, மகளே. நாங்கள் வாழும் இந்தப் பகுதி திருவிதாங்கூராக இருந்தபோது, நாடார் பெண்கள் மேல்சாதியினர் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டார்கள். கிறித்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற சட்டை மட்டும் அணியலாம் என்று 1829இல் ஆணை வந்தது. மார்பை மறைத்துத் தோளில் போடும் தோள்சீலைக்காக அடியும் அவமானமும் தாங்கிப் போராடிய பிறகு, 1859 ஜூலையில்தான் நாடார் பெண்கள் எல்லோரும் மார்பை மறைக்கலாம் என்ற அறிவிப்பு வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஆகவே மறைப்பது எங்களுக்கு மானமும் உரிமையுமாக இருந்தது. என் தாயார் கடைசிவரை ரவிக்கைக்குள் எதுவும் அணிந்ததில்லை. நான் ‘பாடி’ அணிய ஆரம்பித்தது கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். இரண்டு பேருமே மானமாகத்தான் வாழ்ந்தோம். எதை உடுத்துவது என்பதை உன் உடலைக் கேட்டு நீ முடிவு செய். மற்றவர் கண்ணுக்குப் பயந்து முடிவு செய்யாதே.

நித்யா, மதுரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கம் அம்மா எழுதியதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். அளந்து பார்த்தேன். மார்புக்குக் கீழே 32 அங்குலம், எடுப்பான பகுதியில் 36 அங்குலம். கடையில் 32டி என்று சொன்னார்கள். ‘டி’ என்றால் மிகப் பெரியது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது இரண்டு அளவுகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மட்டுமே என்று இப்போதுதான் புரிந்தது. கம்பியில்லாத பருத்தி பிரா ஒன்று வாங்கினேன். வெளியூர்த் தணிக்கைக்கு அலைய வேண்டிய நாட்களில் அதை அணிகிறேன். நேற்று சுங்குடி மேல்சட்டையும் சிம்மீஸுமாக மட்டுமே அலுவலகம் சென்றேன். காலையில் சற்றுத் தயக்கம் இருந்தது. மதியத்துக்குள் கணக்குப் புத்தகத்தில் மூழ்கி அதை மறந்துவிட்டேன். ஜெயந்தி அக்கா, நீங்கள் சொன்ன சுருக்கம் வைத்த சட்டைக்கு லைனிங் துணி எத்தனை மீட்டர் எடுக்க வேண்டும்?

ஜெயந்தி, தையற்கலைஞர், திருச்சி:

மார்புப் பகுதிக்கு இரட்டையாக வைக்க ஒரு மீட்டர் போதும். வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காய வையுங்கள். பருத்தி முதல் சலவையிலேயே சுருங்கும்.