கியர் நாப் மாற்றப்போய் அடாப்டர் சிக்கிய கதை: உங்களுக்கும் நடந்திருந்தா சொல்லுங்க

சிட்டிக்காரன், கோவை

வண்டி 2011 ஹோண்டா சிட்டி, மேனுவல். கியர் நாப்போட (கியர் கம்பி உச்சியில இருக்கிற கைப்பிடி) தோல் உரிஞ்சு கையில கறுப்பு கறுப்பா ஒட்ட ஆரம்பிச்சுது. ஆபீஸ்ல போய் இறங்கினா உள்ளங்கை கரி அள்ளின மாதிரி இருக்கும். சரி மாத்திடலாம்னு ஆன்லைன்ல ஒரு ஸ்டீல் உருண்டை வாங்கினேன். நல்ல கனம். கனமான நாப் போட்டா கியர் தானா வழுக்கிட்டு விழும்னு சொல்றாங்களே, அந்த ஆசைதான். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்'னு போட்டிருந்தாங்க. பெட்டிக்குள்ள நாலு அலுமினிய அடாப்டர் (கம்பிக்கும் நாப்புக்கும் நடுவுல மாட்டற குழாய்த் துண்டு), மூணு கிரப் ஸ்க்ரூ (தலை இல்லாத குட்டி ஸ்க்ரூ), ஒரு குட்டி ஆலன் கீ. எது எந்த வண்டிக்குன்னு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

பழைய நாப்பைக் கழட்டறது பாட்டில் மூடி திறக்கற மாதிரிதான், இடப்பக்கம் சுத்தினா வந்துடும். அடாப்டர்ல ரெண்டு பார்க்க ஒரே அளவு. ஒண்ணை எடுத்துக் கம்பியில வெச்சேன், மறை (திருகு வரி, புரின்னும் சொல்வாங்க) புடிச்சுது. ஒண்ணரை சுத்து லேசா போச்சு, அப்புறம் இறுகிடுச்சு. புதுச் சாமான், கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு ஸ்பேனர் போட்டு இன்னும் ரெண்டு சுத்து. க்ரீச்னு ஒரு சத்தம். கடைசியில பார்த்தா உருண்டை ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்திருக்கு, பல் வலிக்காரன் தலை மாதிரி. நேராக்கலாம்னு கிரப் ஸ்க்ரூவை இளக்கினேன். உருண்டை கையோட வந்துடுச்சு, அடாப்டர் வரலை. அது கம்பியிலேயே இருக்கிறதால பழைய நாப்பையும் போட முடியாது. நாலு நாள் கைக்குட்டையைச் சுத்திக் கட்டிக்கிட்டு ஆபீஸ் போனேன்.

என்ன ஆச்சுன்னா, ஹோண்டா கியர் கம்பி 10 எம்எம் தடிமன், மறைக்கு மறை 1.5 எம்எம். நான் போட்டது 10-க்கு 1.25. தடிமன் ஒண்ணுதான், அதனால முதல்ல புடிச்சுக்கும். ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் கால் எம்எம் தப்பிக்கிட்டே போகும். ரெண்டாவது சுத்துக்குள்ள மறையில இருக்கிற இடைவெளி எல்லாம் தீர்ந்துடும். அதுக்கு மேல நீங்க மாட்டலை, இரும்புக் கம்பியை வெச்சு அலுமினியத்தைச் சுரண்டறீங்க. சுரண்டின அலுமினியம் மறைக்குள்ள அப்பிப் புடிச்சுக்குது.

டபிள்யூடி 40 அடிச்சு ராத்திரி முழுக்க விட்டேன். ம்ஹூம். பைப் ரிஞ்ச் போட்டேன், அலுமினியத்தைக் கடிச்சுத் துப்புச்சே தவிர அசையலை. ரிஞ்சைத் திருகும்போது கம்பியும் சேர்ந்து முறுக்கறது கைக்கே தெரிஞ்சுது. அங்கதான் பயந்து விட்டுட்டேன். கீழே கம்பியைக் கியர்பாக்ஸோட சேர்க்கற லிங்கேஜுல இருக்கிற பிளாஸ்டிக் புஷ் (வளையம்) போனா செலவு எங்கேயோ போயிடும்.

அஞ்சாவது நாள் ஆவாரம்பாளையத்துல ஒரு லேத் பட்டறை. பெரியவர் எட்டிப் பார்த்துட்டு, "ரண்டு சுத்துல நின்னுச்சுன்னா நிறுத்தோணுமில்ல தம்பி?"ன்னார். அப்புறம் வேலை. கம்பியைச் சுத்தி இருக்கிற உறையைக் கீழ இறக்கி, ஈரச் சாக்கால பிளாஸ்டிக்கை எல்லாம் மூடினார். கம்பியில ஒரு தோல் துண்டு சுத்தி, வைஸ் கிரிப்பால (பூட்டிக்கிற இடுக்கி) அதைக் கெட்டியா புடிச்சுக்கச் சொன்னார். எவ்வளவு திருகினாலும் முறுக்கு கீழே இறங்கக் கூடாதாம். ஹீட் கன்னால அடாப்டரைச் சுட வெச்சார். சூட்டுல அலுமினியம் இரும்பை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், சாதாரணமா சிக்கினது அதுலயே விட்டுடும். என்னோடது விடலை.

ஆக்ஸா பிளேடை வெறுங்கையில புடிச்சு அடாப்டர்ல எதிரெதிரா ரெண்டு கோடு அறுத்தார். நெடுக்குவாட்டில, மறையைத் தொட ஒரு முடி இருக்கும்போது நிறுத்திட்டார். கண்ணு மண்ணு தெரியாம அறுத்தா கம்பி மறை காலி. பிளவுல சின்ன உளியை வெச்சு ஒரு திருகு. டப்னு ரெண்டா விழுந்துச்சு, நிலக்கடலைத் தோடு மாதிரி. உள்பக்கம் மறையே இல்லை, வழிச்சு எடுத்த மாதிரி மொழுமொழுன்னு இருந்தது. கம்பி மறை முழுக்க வெள்ளையா அலுமினியம். 10-க்கு 1.5 டை (வெளி மறை வெட்டற கருவி) போட்டு, எண்ணெய் விட்டு, அரைச் சுத்து முன்னாடி கால் சுத்து பின்னாடின்னு ஓட்டினார். மேல முதல் மறை மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கு, மத்தது சுத்தம். பித்தளையில புது அடாப்டரும் கடைஞ்சு குடுத்தார். எல்லாம் சேர்த்து 450 ரூபா.

கிளம்பும்போது ஒண்ணு சொன்னார். ஹார்டுவேர் கடையில கிடைக்கிற சாதா 10 எம்எம் நட்டு 1.5 மறைதான். அதை வாங்கிக் கம்பியில விரலால ஓட்டிப் பார்த்திருந்தா அஞ்சு ரூபாய்ல விஷயம் தெரிஞ்சிருக்கும்னார்.

கொறோலாக்காரன், யாழ்ப்பாணம்

என்ரை கதை வேறை. அடாப்டர் சரியான அளவுதான், ரொயோட்டாவுக்கு 12-க்கு 1.25. பிழை விட்டது நான். நாப் அடிக்கடி இளகிச் சுத்துது எண்டு புரிக்குச் சிவப்பு லொக்டைற் (புரி இளகாமல் பிடிக்கிற பசை) பூசிப் போட்டன். நீலம் எண்டால் ஸ்பானராலை கழட்டலாம், சிவப்பு எண்டது கழட்டவே தேவையில்லாத இடத்துக்கு. எனக்கு அந்த நேரம் நிறம்தான் வித்தியாசம் எண்டு நினைப்பு!

ஒரு வருசத்தாலை கழட்டப் போனால் அசையேல்லை. சுடுதண்ணித் துணி சுத்திப் பார்த்தன், ஒண்டும் நடக்கேல்லை. பிறகு கராச்சிலை சொன்னாங்கள், சிவப்பு இளக 250 பாகை மட்டிலை சூடு வேணுமாம், சுடுதண்ணி 100ஓடை நிண்டிடும். நாப்பின்ரை தோலை வெட்டி எடுத்துப்போட்டு ஹீற் கண்ணாலை காட்டினம். மணம் ஒண்டு வந்துது, உடனை பிடிச்சுத் திருப்ப வந்திட்டுது. ஆறவிட்டால் திரும்பப் பிடிச்சிடும், சூட்டோடையே திருப்ப வேணும்.

இன்னொண்டு. சிட்டிக்காரர் சொன்ன நட்டுப் பரிசோதனை எங்களுக்குச் சரிவராது. கடையிலை விக்கிற சாதா 12 நட்டு 1.75 புரி. ரொயோட்டாக் கம்பியிலை அது ஏறாது, ஏறேல்லை எண்டு கம்பியைக் குறை சொல்லாதேங்கோ.

ஐ20, மதுரை

சிக்கல் இல்லாம மாட்டினேன். அதுதான் சிக்கல். எங்க வண்டியில நாப்புக்குக் கீழ ஒரு ரிங் இருக்கும், அதை விரலால தூக்கினாத்தான் ரிவர்ஸ் விழும். புது நாப்போட அடிப்பகுதி அகலம், ரிங்கை மேல வரவிடாம முட்டிக்கிட்டு நின்னுச்சு. முன்னாடி போற அஞ்சு கியரும் ஜம்முனு விழுந்ததால நான் ரிவர்ஸைப் போட்டே பார்க்கலை. சித்தப்பா வீட்டு முட்டுச் சந்துக்குள்ள மூக்கை விட்டதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. நாலு பேர் தள்ளி வெளியே எடுத்தாங்க. "புது வண்டியாடா?"ன்னு சித்தப்பா கேட்டதைத்தான் தாங்க முடியலை. இந்த மாதிரி வண்டிக்கு ரிங்குக்கு இடம் விடற அடாப்டர் தனியா இருக்கு. வாங்கற முன்னாடி பாருங்க.

மலைப்பாதை, சேலம்

என்னோட நாப்புக்கு மறையே கிடையாது. கம்பியில சொருகி மூணு கிரப் ஸ்க்ரூவால நெருக்கறது. கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவு. இருபதோ இருபத்தஞ்சோ தாண்டியிருப்போம், மூணாவதுல இருந்து ரெண்டாவதுக்கு இழுத்தேன், நாப் கையோட வந்துடுச்சு. வண்டி மூணாவதுலயே திணறுது, பின்னாடி பஸ் ஹாரன். வெறும் கம்பியைப் புடிச்சு ரெண்டாவது போட்டேன். உள்ளங்கையில வட்டமா அச்சு ஒரு வாரம் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து கம்பியில ஸ்க்ரூ முனை உக்கார்ற இடத்துல சின்னதா குழி போட்டு, நீல லாக்டைட் ஒரு சொட்டு வெச்சு மாட்டினேன். மூணு ஸ்க்ரூவையும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். ஒண்ணையே முழுசா இறுக்கினா நாப் கோணிக்கும். ஆலன் கீ அளவும் முக்கியம். 4 எம்எம் கிரப் ஸ்க்ரூவுக்கு 2 எம்எம் கீ. தேய்ஞ்ச கீயைப் போட்டு அறுகோணத்தை உருட்டிட்டீங்கன்னா அது தனிக் கதை.

லேத் பையன், ஓசூர்

ஸ்டீல் உருண்டை வாங்கறவங்க எல்லாரும் ஏப்ரல் மாசம் ஒரு மணிக்கு வெயில்ல நிறுத்தின வண்டியில உக்காந்து பாருங்க. டெல்ரின் (கெட்டியான ஒரு பிளாஸ்டிக்) ராடு ஒரு துண்டு வாங்கி லேத்ல குடுத்தா அழகா கடைஞ்சு தருவாங்க, உலோகம் மாதிரி கை சுடாது. ஹோண்டாவுக்குன்னா 8.5 எம்எம் ட்ரில் போட்டு 10-க்கு 1.5 டேப் (உள் மறை வெட்டற கருவி). அடாப்டரே வேண்டாம், சிக்கறதுக்கும் ஒண்ணும் இல்லை. கனம் இருக்காது, அது மட்டும்தான் குறை.

சிட்டிக்காரன், கோவை

ஓசூர் தம்பி, சுடறது உண்மைதான். வீட்டம்மா கர்ச்சீப் இல்லாம அதைத் தொடறதே இல்லை. அதனால பழைய நாப்பை சீட் கவர் தைக்கிறவர்கிட்டக் குடுத்துப் புதுத் தோல் தைச்சாச்சு, 200 ரூபா. மார்ச்ல இருந்து மே வரைக்கும் அது. ஜூன்ல பாலக்காட்டுக் காத்து அடிக்க ஆரம்பிச்சதும் உருண்டை. பித்தளை அடாப்டர் இப்ப விரலாலயே சுத்திக் கழட்டற மாதிரி இருக்கு, மாத்த ரெண்டு நிமிஷம் ஆகுது. யாழ்ப்பாணத்துக்காரரே, அந்த வெட்டின தோல் நாப் என்ன ஆச்சு, மறுபடி போட்டீங்களா?