மறு: எமுலேட்டர்: ‘ஒப்பியங்கி’ சரிவருமா?

> ‘நகலி’, ‘போலி’ இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளலாமே?

எமுலேட்டர், அதாவது பழைய ஆட்டப் பொறியைப் போலவே நம் கணினியில் இயங்கிக் காட்டும் மென்பொருள்; அதற்குத்தான் கலைச்சொல் தேடுகிறோம். ‘நகலி’ என்றால் ரோம் சில்லைப் (நிரல் பதிந்த நினைவகச் சில்லு) படியெடுக்கும் கருவி என்று ஆகிவிடும். அது வேறு வேலை. ‘போலி’ என்றதும் போலி மருந்துதான் நினைவுக்கு வருகிறது. ‘பாவனை’ என்றால் இலங்கையில் பயன்பாடு. சொல்லில் ‘இயங்கு’ வரவேண்டும் என்பது என் கட்சி. ஒப்பு + இயங்கி = ஒப்பியங்கி. கணித்திறன் செலவாவது அந்த இயக்கத்துக்குத்தான்.

பேக்-மேன் (1980) ஆட்டப் பொறியை எடுங்கள். இசட்80 செயலி, 3.072 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30,72,000 துடிப்பு. ஒரு கட்டளைக்குக் குறைந்தது 4 துடிப்பு. ஆக நொடிக்கு 7,68,000 கட்டளைக்கு மேல் போகாது. ஒவ்வொன்றுக்கும் நம் கணினியில் நூறு கட்டளை என்று தாராளமாக வைத்தாலும் 7.7 கோடி. மேம் (MAME) என்ற எமுலேட்டர் வெளிவந்த 1997-லேயே பென்டியம் செயலி இதைத் தாங்கியது. இடறுவது திரையில்: பொறியின் சுற்றுப்பலகை நொடிக்கு 60.606 சட்டகம் (முழுப்படம்) தரும், நம் திரை 60 காட்டும். 1.65 நொடிக்கு ஒரு சட்டகம் தவறி, படம் வெட்டும். ஆட்டத்தை 99 விழுக்காடு வேகத்தில் ஓட்டினால் வெட்டு போகும், சுருதி ஒரு மயிரிழை இறங்கும்.

> படம் ஒன்றுபோல இருந்தால் போதாதா, ஐயா? ‘ஒப்புரு’ ஏற்கெனவே இருக்கிறதே.

போதாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991) பலகையில் ஆட்டத்துக்கு 68000 என்ற செயலி, ஒலிக்குத் தனியாக இசட்80. முன்னது ஒலி எண்ணை ஒரு பதிவகத்தில் (ஓர் எண்ணை மட்டும் வைத்திருக்கும் இடம்) எழுதும். பின்னது வந்து எடுத்துக்கொள்ளும். ஒப்பியங்கியில் ஒன்றைச் சட்டகம் முழுக்க ஓட்டிவிட்டு மற்றதை எழுப்பினால், முதல் எண்ணின் மேல் அடுத்தது விழுந்து, ஓர் அடியின் சத்தமே காணாமல் போகும். நேரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டவேண்டும். நறுக்க நறுக்கக் கணித்திறன் ஏறும்.

> அப்படியானால் பாங் (1972)? அதில் செயலியே கிடையாதே!

நல்ல இடி. நிரலும் கிடையாது, தர்க்கச் சில்லுகள் மட்டும். 7.159 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் சில்லுகளுக்குள் இருக்கும் ஒவ்வொரு தர்க்க வாயிலின் நிலையையும் தாமதத்தோடு கணக்கிடவேண்டியிருப்பதால், பேக்-மேனைவிட இந்த இரண்டு மட்டை, ஒரு பந்துக்குத்தான் வலுவான கணினி தேவை. அங்கே இயக்க நிரல் இல்லை; சுற்றையே கட்டுகிறோம். அதற்கு உங்கள் ‘ஒப்புரு’ பொருந்தும்: ‘சுற்று ஒப்புரு’. செயலி உள்ளவற்றுக்கு ‘ஒப்பியங்கி’. மேம் இரண்டையும் செய்கிறது என்பதால் கலைச்சொல் பட்டியலில் இரண்டு பதிவாகப் போடுங்கள்.