நிலாவின் பள்ளி வேலையும் டிரங்குப் பெட்டியும்

நிலா: தாத்தா, ஆங்கிலேயர் காலத்தில் என் வயசுப் பிள்ளைகள் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தார்கள், நாங்கள் என்ன செய்கிறோம் என்று மிஸ் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். திங்கள்கிழமை கொடுக்கணும்.

குமார் சித்தப்பா: ஒரு வரி போதுமே. அவர்கள் கையில் போன் இல்லை 😄

நிலா: சித்தப்பா 🙄

தாத்தா: என் அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், அதாவது பள்ளி இறுதிச் சான்றிதழ், டிரங்குப் பெட்டியில் இருந்தது. 1934. படம் போட்டிருக்கிறேன்.

மாலதி அத்தை: அப்பா, படம் தலைகீழாக இருக்கிறது.

நிலா: பரவாயில்லை, திருப்பிக்கொண்டேன். போட்டோ ஒட்டவே இல்லையே?

தாத்தா: அதற்குப் பதில்தான் அங்க அடையாளம். வலது புருவத்தில் தழும்பு என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது பார். மாங்காய் அடிக்கப் போய் வாங்கியது. பிறந்த தேதியை மட்டும் நம்பாதே, பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியாரே போட்டது.

தாத்தா: விடியும் முன் எழுந்து கிணற்றில் தண்ணீர் இறைக்கணும். பழையது சாப்பிட்டுவிட்டு, குடுமியும் வேட்டியுமாக, செருப்பில்லாமல் கும்பகோணம் வரை நடை. கட்டைப் பேனாவை மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதுவார்களாம். சாயங்காலம் அரிக்கேன் விளக்குச் சிம்னியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது அப்பா வேலை. எட்டு மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும்.

மாலதி அத்தை: காகிதம் விலை அதிகம். அதே கும்பகோணத்து ராமானுஜனே சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தவர்தானே.

குமார் சித்தப்பா: அதுதான் ஒழுக்கம். இப்போது எட்டு மணிக்குத்தான் ரீல்ஸ் ஆரம்பம்.

நிலா: ஐந்து மணிக்கு டியூஷன், அப்புறம் பள்ளி, திரும்ப டியூஷன். எனக்கு மாங்காய் அடிக்க நேரம் ஏது சித்தப்பா?

மாலதி அத்தை: அப்படிக் கேள்! ஆனால் நிலா, எல்லாப் பிள்ளைகளும் கொள்ளுத்தாத்தா மாதிரி படித்தார்கள் என்று எழுதிவிடாதே. 1931 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 10 பேர்கூட இல்லை.

தாத்தா: உண்மைதான். அப்பா பள்ளிக்கு நடந்த நேரத்தில் நம் மாட்டை மேய்த்தவனுக்கும் அதே வயசு. அவன் அப்பா நம் வீட்டில் வாங்கிய கடனுக்கு அவன் வேலை.

மாலதி அத்தை: பிள்ளைகளின் உழைப்பை அடகு பிடிக்கக் கூடாது என்று 1933-ல் சட்டமே வந்ததே.

தாத்தா: வந்தது. மாடு மேய்க்க ஆள் மாறவில்லை.

நிலா: பொண்ணுங்க?

தாத்தா: என் அத்தை, அப்பாவுக்கு மூன்று வயசு இளையவள். 1930 மாசியில் கல்யாணம். 11 வயசு.

நிலா: 😳

மாலதி அத்தை: சாரதா சட்டம். பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 என்று 1929 செப்டம்பரில் நிறைவேறியது, அமலுக்கு வந்தது 1930 ஏப்ரல் 1. அந்த ஆறு மாசத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று நாடு முழுக்கக் கல்யாணம் கல்யாணமாக நடத்தித் தள்ளினார்கள். இன்று பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. அதையும் எழுது.

நிலா: அத்தைப் பாட்டிக்குப் பள்ளிப் புத்தகம் எதுவும் இல்லையா தாத்தா?

தாத்தா: பள்ளிக்கே அனுப்பவில்லையே. பெட்டியில் ஒரு விடுதலைப் பத்திரம் இருக்கிறது, 1961. சொத்தில் தனக்குப் பாகம் வேண்டாம் என்று அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தது. கையெழுத்து இடத்தில் பெருவிரல் ரேகை.

குமார் சித்தப்பா: இது எனக்குத் தெரியாதே அப்பா.

தாத்தா: நீ எப்போது கேட்டாய்?

நிலா: தாத்தா, அதையும் படம் எடுத்துப் போடுங்க. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டுகிறேன். ஒரே பக்கம்தான், அதனால் கிணற்றை எடுத்துவிடுகிறேன்.

குமார் சித்தப்பா: என் ரீல்ஸையும் எடுத்துவிடு.

மாலதி அத்தை: அப்பா, இந்தத் தடவை நேராகப் பிடித்து எடுங்க.