பிராக், வியன்னா, புடாபெஸ்ட்: ஹாஸ்டலில் தங்கித் தனியாகப் பயணம் செய்வது பற்றி

கேள்வி

வணக்கம். நான் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் முதுகலை படிக்கிறேன். ஈஸ்டரை ஒட்டிய விடுமுறையில் பிராக், வியன்னா, புடாபெஸ்ட் ஆகிய மூன்று நகரங்களையும் முதுகுப்பையுடன் தனியாகச் சுற்றி வர எண்ணியிருக்கிறேன். ஓட்டல் அறை எனக்குக் கட்டுப்படியாகாது. ஹாஸ்டலில் இதுவரை தங்கியதில்லை. இருபாலரும் தங்கும், 12 படுக்கைகள் கொண்ட ஒரே அறைக்கும், பெண்களுக்கென்றே உள்ள சிறிய அறைக்கும் வாடகையில் கணிசமான வேறுபாடு இருக்கிறது. மலிவானதைப் பதிவு செய்யலாமா? பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் ஒரே சீட்டில் பயணிக்க உதவும் இன்டர்ரெயில் பாஸ் வாங்குவது இலாபமா? நான் சைவம் என்பதால், உணவு குறித்தும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாடோடி எழுதியது

12 பேர் அறையில் பாதுகாப்பைவிடத் தூக்கமே பெரிய சிக்கல் என்பது என் கருத்து. நள்ளிரவு தாண்டி ஒருவர் வந்து விளக்கைப் போடுவார். அவர் படுத்து அடங்கியதும், அதிகாலை விமானத்தைப் பிடிக்க வேண்டிய இன்னொருவர் பிளாஸ்டிக் பைகளைச் சரசரவென்று உருட்டி மூட்டை கட்டத் தொடங்குவார். குறிப்பாகப் புடாபெஸ்டில், ஹாஸ்டல்கள் பலவும் ஏழாம் வட்டாரத்தில், அதாவது பழைய யூதக் குடியிருப்பின் சிதிலமடைந்த கட்டடங்களுக்குள் நடக்கும் மதுக்கூடங்களைச் சுற்றியே அமைந்திருப்பதால், அங்கே மட்டுமாவது பெண்களுக்கான சிறிய அறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யுமுன், தனியாகச் சென்ற பெண்கள் அண்மையில் எழுதிய மதிப்புரைகளைப் படியுங்கள். மொத்த மதிப்பெண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. லாக்கர் இருக்கும், ஆனால் பூட்டு பெரும்பாலும் நம்முடையதாக இருக்க வேண்டும். துண்டுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். விரிப்பும் போர்வையும் கொடுத்துவிடுவார்கள் என்பதோடு, மூட்டைப்பூச்சிக்கு அஞ்சிப் பல இடங்களில் சொந்த உறக்கப்பையை அனுமதிப்பதும் இல்லை. எனவே அதைச் சுமக்காதீர்கள். நகரத்துக்குச் செலுத்த வேண்டிய தங்கும் வரியை வரவேற்பு மேசையில் தனியாக வாங்கும் விடுதிகளும் உண்டு.

ரயில்பித்தன் எழுதியது

ஜெர்மனியில் முறையாக வசிப்பவர் என்பதால், குடியுரிமை எதுவானாலும், ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான யூரெயிலுக்குப் பதிலாக இன்டர்ரெயில் பாஸ்தான் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் வசிக்கும் நாட்டுக்குள் அதைக் கொண்டு வெளியே செல்ல ஒரு பயணமும் திரும்பி வர ஒரு பயணமும் மட்டுமே செய்ய முடியும். உங்கள் வழித்தடமோ மிகக் குறுகியது: டிரெஸ்டனிலிருந்து பிராக் சுமார் 2½ மணி நேரம், அங்கிருந்து வியன்னா சுமார் 4 மணி நேரம், பிறகு புடாபெஸ்ட் 3 மணி நேரத்துக்குள். இதற்குப் பாஸ் வீண். சில வாரங்கள் முன்னதாகத் தனித்தனிப் பயணச்சீட்டு வாங்கிவிடுங்கள். ரெஜியோஜெட் என்ற தனியார் நிறுவனத்தின் ரயில்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிராக் செல்லும்போது இடப்பக்க சன்னலோரம் உட்காருங்கள். எல்பே ஆறும் அதன் கரையில் நிமிர்ந்து நிற்கும் மணற்பாறைகளும் அந்தப் பக்கம்தான். போகும் மூன்று நாடுகளும் (செக், ஆஸ்திரியா, ஹங்கேரி) ஷெங்கனுக்குள், அதாவது பொது விசா விதிகள் கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் பகுதிக்குள், இருப்பதால் உங்கள் ஜெர்மன் வசிப்பிட அனுமதியே போதும். எந்த 180 நாள்களிலும் மொத்தம் 90 நாள் வரை அங்கே தங்கலாம். ஆயினும் அனுமதி அட்டையுடன் கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும், திரும்பி வருகையில் ஜெர்மன் காவலர்கள் ரயிலிலேயே சோதிப்பதுண்டு.

அடுப்படி எழுதியது

நாடோடி சொல்வதை முழுமையாக ஏற்க மாட்டேன். கேளிக்கைக்கெனப் பெயர்பெறாத விடுதியாக இருந்தால் 12 பேர் அறையிலும் நிம்மதியாகத் தூங்கலாம், காதடைப்பான் மட்டும் வேண்டும். சைவம் என்றால் அறையின் அளவைவிடச் சமையலறை இருக்கிறதா என்பதே முக்கியம். சில விடுதிகளில் வெந்நீர்க் கெண்டியும் மைக்ரோவேவும் மட்டும் வைத்துவிட்டு அதையே சமையலறை என்று எழுதியிருப்பார்கள், படத்தைப் பாருங்கள். வெளியே சாப்பிட, செக் நாட்டில் பொரித்த பாலாடைக்கட்டியும், ஹங்கேரியில் புளித்த பாலேடும் சீஸும் பரப்பிய லாங்கோஷ் ரொட்டியும் கிடைக்கும். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சிச் சாறு சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள்.

ஈஸ்டர் என்பதால் இன்னொன்று: ஆஸ்திரியாவிலும் ஹங்கேரியிலும் ஈஸ்டர் ஞாயிறு, திங்கள் இரு நாள்களும் கடைகள் அடைத்திருக்கும், செக் நாட்டில் பெரிய கடைகள் திங்களன்று மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் உள்ள சில கடைகள் திறந்திருந்தாலும் அங்கே கூட்டம் அலைமோதும். ஆகவே சனிக்கிழமை மாலைக்குள் ரொட்டி, தயிர், பழங்கள் வாங்கி, பெயரும் தேதியும் எழுதி விடுதியின் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். பெயரில்லாத பொருள்களை ஊழியர்கள் எடுத்தெறிந்துவிடுவார்கள்.