என் வாக்கு மாறியது, என் கருத்தும் மாறிவிட்டதா?

ஏழாம் மாடி எழுதியது:

2025 மே 3ஆம் தேதி சிங்கப்பூர்ப் பொதுத்தேர்தலில் வாக்களித்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கும் ஒன்றை இங்கே பெயர் மறைத்துக் கேட்கிறேன்.

நான் பொத்தோங் பாசிர் தொகுதியில் வளர்ந்தவன். 1984 முதல் 2011 வரை அங்கே எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சியாம் சீ டோங்மேல் என் அப்பாவுக்கு அப்படியொரு பற்று. 1997 தேர்தலின்போது, ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சியை ஆதரிக்கும் தொகுதிகளுக்கே வீடமைப்பு மேம்பாட்டுப் பணிகளில் முன்னுரிமை என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. எங்கள் புளோக்கிலோ மின்தூக்கி 1, 5, 9 ஆகிய மாடிகளில் மட்டுமே நிற்கும். எங்கள் வீடு ஏழாம் மாடியில். தேக்கா சந்தையில் வாங்கிய அரிசிப் பையோடு அம்மா ஒன்பதாம் மாடிவரை போய், இரண்டு மாடிகளைப் படிப்படியாக இறங்கி வருவார். அதற்காக அப்பா தம் வாக்கை ஒருமுறைகூட மாற்றியதில்லை. 2011இல் 114 வாக்கு வித்தியாசத்தில் அந்தத் தொகுதி கைமாறிய இரவு அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

பிறகு தெம்பனிசுக்குக் குடிவந்தோம். 2015, 2020 தேர்தல்களில் இங்கே ஆளுங்கட்சியை எதிர்த்து நின்றது தேசிய ஒருமைப்பாட்டுக் கட்சி. வெல்லாது என்று தெரிந்தேதான் இரண்டு முறையும் அதற்கு வாக்களித்தேன். (அந்தக் கட்சி 2025இல் இங்கே ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்பது வேறு கதை.) 2025 தேர்தலில்தான் முக்கிய எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி இங்கே வந்து இறங்கியது. இத்தனை ஆண்டுகள் எதிர்பார்த்த போட்டி வாசலுக்கே வந்த அன்று, தடுப்புக்குள் நின்று முத்திரைப் பேனாவை எடுத்தவன் மக்கள் செயல் கட்சியின் கட்டத்தில் வைத்து அழுத்திவிட்டேன். நான் சரக்குக் கப்பல் துறையில் இருப்பவன். ஏப்ரல் மாதம் அமெரிக்கா நம்மீது 10 விழுக்காடு வரி விதித்த வாரத்திலேயே மூன்று வாடிக்கையாளர்கள் தங்கள் சரக்கைத் தள்ளிப்போட்டார்கள். கொந்தளிப்பான நேரத்தில் எதையும் கலைக்கக்கூடாது என்று அப்போது தோன்றியது. இதைக் கருத்து மாற்றம் என்பதா, வெறும் பயம் என்பதா? உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால், அது எதனால் என்று எப்படிப் பிரித்தறிந்தீர்கள்?

பழைய துறைமுகத்தான் எழுதியது:

தம்பி, உங்களுக்கு நேர்ந்தது எனக்குத் தலைகீழாக நேர்ந்தது. 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் ஜெயரத்தினம் வென்றபோது நான் துறைமுகத்தில் இளைஞன். உடன் வேலை செய்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள், நான் பேசாமல் இருந்தேன். அதன்பின் முப்பது ஆண்டுகள் மக்கள் செயல் கட்சிக்கே வாக்களித்தேன். 2011இல், வேலையிலிருந்து ஓய்வுபெறும் வயதில், முதன்முறையாக எதிர்த்தரப்புக்குப் போட்டேன். வயது ஏற ஏற மனிதன் ஆளுங்கட்சிப் பக்கம் சாய்வான் என்பவர்கள் என்னைப் பார்க்க வேண்டும். ஆனால் 2015 மார்ச்சில் லீ குவான் இயூ மறைந்தபோது, அஞ்சலி செலுத்த நாடாளுமன்றத்துக்கு வெளியே நள்ளிரவு தாண்டியும் வரிசையில் நின்றேன், செப்டம்பரில் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டேன். அதைக் கருத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றிக்கடன் என்றுதான் சொல்வேன்.

நாடு முழுவதும் அப்படித்தானே ஆடியிருக்கிறது? ஆளுங்கட்சியின் வாக்கு விகிதம் 2011இல் 60.14, 2015இல் 69.86, 2020இல் 61.24, 2025இல் 65.57. உங்களைப்போல் தடுப்புக்குள் கை மாறியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பெரியவர் ஆறுதல் சொல்லிவிட்டார், நான் சொல்லப்போவதில்லை. பாட்டாளிக் கட்சி 2025இல் வேட்பாளர்களை நிறுத்தியது 97 இடங்களில் 26இல் மட்டுமே. அத்தனையிலும் அது வென்றிருந்தாலும் ஆட்சி மாறியிருக்காது, பிரதமர் மாறியிருக்க மாட்டார், வரி குறித்து வாஷிங்டனோடு பேசும் அதிகாரிகளும் அவர்களேதான். ஆகவே "எதையும் கலைக்கக்கூடாது" என்ற காரணம் தெம்பனிஸ் வாக்குச்சீட்டுக்குப் பொருந்தாது. அங்கே உங்கள்முன் இருந்த கேள்வி, நாடாளுமன்றத்தில் எதிர்த்தரப்புக்கு இன்னும் சில குரல்கள் வேண்டுமா என்பதுதான். ஆளுங்கட்சிக்கு 52.02, பாட்டாளிக் கட்சிக்கு 47.37 விழுக்காடு என்று முடிந்த தொகுதியில் அது சிறிய கேள்வியும் அல்ல. உள்ளூர் வேட்பாளர்களை ஒப்பிட்டு, இவர்களே மேல் என்று முடிவுசெய்திருந்தால் உங்களைக் கேள்வி கேட்க எனக்கு உரிமையில்லை. நீங்களோ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

கட்டோங் பேத்தி எழுதியது:

மன்னிக்கவும், இடையில் புகுகிறேன். எனக்கு 2025தான் முதல் தேர்தலாக இருந்திருக்க வேண்டும். மரின் பரேட்-பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் (பல வேட்பாளர்கள் ஓர் அணியாக நிற்கும் தொகுதி) மக்கள் செயல் கட்சி போட்டியின்றி வென்றதால், வேட்புமனுத் தாக்கல் நாளன்று பகலிலேயே எங்கள் தேர்தல் முடிந்துவிட்டது. பயந்தாவது வாக்களிக்க உங்களுக்கு ஒரு சீட்டு கிடைத்ததே, அண்ணா!

ஏழாம் மாடி எழுதியது:

கணக்குப்பிள்ளை அவர்களே, அந்த 26 என்ற கணக்கை வரிசையில் நின்றபோது நான் போடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வேட்பாளர்களின் துண்டறிக்கைகள் இரண்டு வாரங்களாகச் சாப்பாட்டு மேசையில் கிடந்தன. ஒன்றையும் நான் முழுதாகப் படிக்கவில்லை. ஆகவே என் கருத்து இருந்த இடத்தில்தான் இருக்கிறது, கைதான் மாறியது.

நேற்றிரவு துணிந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "உங்கப்பா ஓட்டுப் போட்டார், படியில இறங்கினது நான்தானே" என்றார். அப்படியானால் அம்மா அந்தக் காலத்தில் யாருக்கு வாக்களித்தார் என்று கேட்டேன். வாக்கு ரகசியம் என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.