வெங்காயம், பூண்டு இல்லாத மெஸ் திருவல்லிக்கேணி பக்கம் தெரியுமா?

வணக்கம். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கி எம்.எஸ்சி. படிக்கிறேன். ஆறு மாதமாக வயிறு படுத்தி எடுக்கிறது. சாப்பிட்ட அரை மணியில் பானை மாதிரி உப்பிவிடும். ஒரு நாள் மலச்சிக்கல், மறுநாள் வகுப்புக்குக் கிளம்புவதற்குள் நாலு தடவை. போன வாரம் ராயப்பேட்டையில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, முன்பின் தெரியாத ஓட்டலில் கழிப்பறை கேட்டு நின்றேன்.

டாக்டர் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு ஐபிஎஸ் (IBS, குடல் எரிச்சல் நோய்) என்றார். மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய லோ ஃபாட்மேப் (FODMAP, குடலில் சரியாகச் செரிக்காமல் வாயு உண்டாக்கும் சர்க்கரை, மாவுச்சத்து வகைகளைக் குறைக்கும்) உணவு முறையைச் சில வாரம் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொன்னார். வெங்காயம், பூண்டு, கோதுமை, ராஜ்மா, பால் எல்லாம் இப்போதைக்குக் கூடாது.

மெஸ் சாம்பாரில் சின்ன வெங்காயத்தைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். பலனில்லை. வெங்காயத்தில் இருந்து வயிற்றைப் படுத்தும் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து தண்ணீரில் கரையுமாம், அதனால் குழம்பிலேயே இறங்கிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. மெஸ் அண்ணனிடம் தனியாகக் கொஞ்சம் வைக்க முடியுமா என்று கேட்டேன். “பூண்டு இல்லாம ரசமா தம்பி?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அறையில் அடுப்புக்கு அனுமதி இல்லை, கெட்டில் மட்டும்தான். பார்த்தசாரதி கோயில் பக்கமோ மயிலாப்பூரிலோ வெங்காயம், பூண்டு சேர்க்காமல் சமைக்கும் மெஸ் தெரிந்தால் சொல்லுங்கள். மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் முடியாது. இதே தொந்தரவு உள்ளவர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்? கெட்டிலில் அரிசிக் கஞ்சி வைத்தவர்கள் பொங்கி வழியாமல் எப்படி வைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். பூண்டு லேகியம் மட்டும் வேண்டாம், ஊரிலிருந்து அத்தை ஏற்கெனவே இரண்டு பாட்டில் அனுப்பிவிட்டார்.