கார்னோடாரஸ் ரப்பர் பொம்மைபோல் தெரிகிறது, பூசிய நிறமும் போய்விட்டது

கோட்டைவாசல்:
வணக்கம். திருகோணமலையில் இறுதியாண்டுக் குறும்படம் ஒன்றுக்காகப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கார்னோடாரஸ் என்ற கொம்புள்ள டைனோசர் ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். காட்சி சிறியது. பிரெடெரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மேய்கின்றன. மரநிழலிலிருந்து அது தலையை நீட்டுகிறது. மான்களைக் கைபேசியில் எடுத்துவிட்டேன். அவை நடிப்பில் குறை வைக்கவில்லை, குறையெல்லாம் என் மிருகத்தில்தான்.

மூன்று நாள் இருந்து நிறம் பூசினேன். நேற்று மாலை மின்சாரம் நின்றது; மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மறுபடி திறந்தால் செதுக்கல் அப்படியே இருக்கிறது, உடல் மட்டும் ஒரே கறுப்பு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ட்ரோல் எஸ் அழுத்தியிருந்தேன் என்று சத்தியம் செய்வேன்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பழையது. கோட்டைச் சுவரோடு சேர்த்துப் பார்த்தால் சந்தையில் விற்கும் ரப்பர் பொம்மைபோல் இருக்கிறது. உருவத்தின் வலையை நுணுக்கமாகப் பிரிக்கும் மல்டிரெஸை நான்கு படி ஏற்றியிருக்கிறேன். ஐந்தாவது படியில் கணினி உறைந்துவிடுகிறது. 8 ஜிபி நினைவகம்தான். புதிய கணினி வாங்கினால்தான் தீருமா?

உப்புக்காற்று:
தம்பி, முதலாவதற்கு நல்ல செய்தி இல்லை. கண்ட்ரோல் எஸ் பிளெண்டர் கோப்பைச் சேமிக்கும்; அதற்குள் பூசிய படத்தைச் சேமிக்காது. படம் தனியே ஒரு கோப்பு. பட எடிட்டரில் ‘இமேஜ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் நின்றிருக்கும், பார்த்திருப்பீர்கள். படம் இன்னும் வட்டில் எழுதப்படவில்லை என்பதே அதன் பொருள். இனி ‘சேவ் ஆல் இமேஜஸ்’ அழுத்திவிட்டு எழுந்திருங்கள். போனது போனதுதான், தானியங்கிச் சேமிப்பிலும் அது இராது. நானும் ஒருமுறை இப்படி ஒரு முதலையைப் பறிகொடுத்தேன்.

களிமண்கை:
நிறம் போனதற்கு அதிகம் வருந்த வேண்டாம், எப்படியும் திரும்பப் பூசத்தான் வேண்டியிருந்திருக்கும். நீங்கள் இணைத்த படத்தில் கண்ணுக்குக் கீழே எண்ணிப் பார்த்தேன். கண்ணின் நீளத்துக்குள் மூன்றே செதில்கள். ரப்பர் பொம்மைக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். பார்ப்பவர் கண் செதிலைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும்; செதில் பெரிதானால் மிருகம் சிறுத்துவிடும்.

கார்னோடாரஸின் தோல் எப்படி இருந்தது என்பது ஊகமல்ல. ஆர்ஜென்டினாவின் சுபுட் மாகாணத்தில் 1984இல் கிடைத்த எலும்புக்கூட்டோடு தோல் பதிவுகளும் கிடைத்தன. பெரும்பகுதி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அளவிலான கூழாங்கல் போன்ற செதில்கள். அவற்றிடையே 5 சென்டிமீட்டர் வாக்கில் கூம்பு வடிவப் புடைப்புகள் எழும்பியிருக்கும். நீங்கள் அவற்றை முதுகில் பொத்தான் தைத்ததுபோல் வரிசையாக வைத்திருக்கிறீர்கள். பழைய ஓவியங்கள் அப்படித்தான் காட்டின. 2021இல் வெளியான ஆய்வு வரிசையே இல்லை, சிதறித்தான் இருந்தன என்று சொல்லிவிட்டது.

இப்போது கணக்குக்கு வாருங்கள். மிருகத்தின் நீளம் 8 மீட்டர் என்று வையுங்கள். 1920 பிக்சல் அகலச் சட்டத்தை அது முழுதாக நிரப்பினால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் செதிலை அதில் யார் பார்க்கப்போகிறார்கள்? புடைப்பு மட்டும் 12 பிக்சல் அளவில் தெரியும். ஆகவே தூரக் காட்சிக்குப் புடைப்புகளும் தோல் மடிப்புகளும் போதும். தலை நெருங்கி வரும் காட்சிக்குத் தலைக்கு மட்டும் தனிப் படம் வையுங்கள். சிறு செதிலைக் கையால் செதுக்காமல் வொரொனொய் டெக்ஸ்சரை (செல் செல்லாகப் பிரிந்த தானியங்கி வடிவம்) பம்ப் வழியாக, அதாவது மேடுபள்ளம்போல் தோன்றச்செய்யும் வசதியால், கொடுங்கள்.

மல்டிரெஸில் படிக்குப் படி முகங்கள் நான்கு மடங்காகும். உங்கள் அடிப்படை வலை 20,000 முகங்கள் என்றால் நான்காம் படியில் 51 இலட்சம், ஐந்தாம் படியில் 2 கோடி. கணினியின் மீது பழி போடாதீர்கள்.

கோட்டைவாசல்:
நன்றி. வரிசைகளை அழித்துவிட்டேன். அழிக்கும்போது மனம் கொஞ்சம் கேட்கவில்லை. செதில் சிறுத்ததும் மிருகம் வளர்ந்துவிட்டது, உண்மைதான். ஆனால் வெயிலில் வைத்தால் காதும் கழுத்தும் மெழுகுபோல் ஒளிர்கின்றன.

உப்புக்காற்று:
காது? உங்கள் கார்னோடாரஸுக்குக் காதுமடல் வேறு இருக்கிறதா!

கோட்டைவாசல்:
கொம்பு. கொம்பு என்று எழுத வந்தேன்.

களிமண்கை:
பிளெண்டரில் அதன் நீளம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். தொடக்க உருண்டையின் விட்டம் 2 மீட்டர்; அதிலிருந்து இழுத்துச் செதுக்கியிருந்தால் உங்களிடம் இருப்பது மூன்று மீட்டர்க் குட்டி. சப்சர்ஃபேஸ் என்பது ஒளி தோலுக்குள் எவ்வளவு ஆழம் போய் வருகிறது என்ற அளவு, அது உண்மையான நீளத்தில் கணக்கிடப்படுகிறது. சிறு உருவத்தில் அதே ஆழம் உடலின் பாதி வரை போய்விடும், மெழுகு வரத்தான் செய்யும். கோப்பின் நகலை எடுத்துவைத்துவிட்டு 8 மீட்டருக்குப் பெரிதாக்கி, கண்ட்ரோல் ஏ அழுத்தி அளவை உறுதிப்படுத்துங்கள். அதன்பின் சப்சர்ஃபேஸை ஏறக்குறைய அணைத்தே விடுங்கள், இந்தத் தோல் தடிமனானது.

எந்த இடம் மினுங்கும், எது மங்கும் என்று சொல்லும் சொரசொரப்புப் படத்தின் நிறவெளி ‘நான்-கலர்’ (நிறமல்ல, வெறும் எண்) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கொடுத்த மதிப்பு ஒன்று, கணினி படிப்பது வேறொன்று.

கோட்டைவாசல்:
2.9 மீட்டர் இருந்தது அக்கா. நான்-கலரும் இல்லை.

இன்று காலை வீட்டுப் பின்பக்க வாய்க்காலில் ஒரு கபரக்கொய்யா, அதாவது நீர் உடும்பு, கிடந்தது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் மினுக்கமே இல்லை, காய்ந்த சேறு செதில்களுக்கிடையே வெளுத்துக் கிடந்தது. பளபளத்தவை கண்ணும் வாயோரமும் மட்டும். நான் உடல் முழுவதற்கும் ஒரே மினுக்கம் கொடுத்திருந்தேன். இப்போது சொரசொரப்பு முதுகுக்கு 0.75, வாயோரத்துக்கு 0.2, பள்ளங்களில் வெளிறிய மண்ணிறம். வயிற்றை வெளுக்கப் பூசினேன். சுவரோரமாக நிறுத்தினால் பொம்மை என்று தம்பிகூடச் சொல்லவில்லை. அவன் சொல்லாத குறை இல்லை.

கால் மட்டும் புல்லுக்கு மேலே மிதக்கிறது.

உப்புக்காற்று:
கீழே ஒரு தளம் வைத்து ஷேடோ கேட்சர் போடுங்கள், பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில்; தளம் மறைந்து நிழல் மட்டும் தெரியும். மான்களின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ சூரியனையும் அதற்கேற்பத் திருப்புங்கள். பாதத்துக்கு முன்னால் உண்மையான புல்லை வெட்டியெடுத்து ஒட்டினால் மிதப்பு போய்விடும்.

கோட்டைவாசல்:
மான்களின் நிழல் மேற்கே விழுகிறது, காலையில் எடுத்தது. என் சூரியன் கடலுக்கு எதிர்ப்பக்கம் உதித்துக்கொண்டிருந்தது. திருப்பிவிட்டேன். படங்களையும் சேமித்துவிட்டேன், நட்சத்திரம் இல்லை.